சாம்பலுக்கு நடுவே ஓர் ஆரஞ்சுத் தீற்றல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எண்ணூர் கழிமுகத்தில் நடந்தது இது. அன்றைக்கு நான் வரைந்த படம் ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றியது என்று கத்திவாக்கம் பக்கம் இன்றும் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பாதிதான் தெரியும். மீதி எனக்கும் அந்த மனிதருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். அதை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நான் விம்கோ நகர்க்காரி. ஒரு கன்டெய்னர் யார்டில் எடைமேடையில் வேலை. லாரி ஏறும், எடை பார்ப்பேன், சீட்டு கிழித்துக் கொடுப்பேன், நாள் முழுக்க டிரைவர்களோடு கத்துவேன். எனக்கு வாய் நீளம் என்று வீட்டிலும் யார்டிலும் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நாற்பது வயதுக்கு மேல் படம் வரையக் கற்றுக்கொண்டேன். ஏன் இந்த வயதில் என்று கேட்காத ஆள் இல்லை. ஆம்பளைகள் இந்த வயதில் தெருமுனையில் கேரம் ஆடினால் யாராவது ஏன் என்று கேட்கிறார்களா?

ராயபுரத்தில் ஒரு மாதா கோயிலை ஒட்டிய ஹாலில் சனிக்கிழமை சாயங்காலம் ஓவிய வகுப்பு நடக்கும். முதலில் நான் வரைந்தது ராயபுரம் ரயில் நிலையம். தூண், வளைவு, ஜன்னல் எதையும் விடவில்லை. மாஸ்டர் பார்த்தார்.

“எல்லாம் கரீட்டா கீது. ஆனா படம் செத்துப்போய் கீதேம்மா.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “உயிரு எந்தக் கடைல விக்குதுன்னு சொல்லுங்க. வாங்கியாறேன்” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. பிரஷ்ஷைப் பேனா மாதிரிப் பிடிக்காதே, வாலில் பிடி என்றார். மணிக்கட்டால் வரையாதே, தோளால் வரை என்றார். அதைவிட முக்கியமாக ஒன்று சொன்னார். வரைவதற்கு முன்னால் கண்ணைப் பாதி மூடி, இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வீடு, மரம், மாடு, மனுஷன் என்கிற பெயரெல்லாம் கழன்றுவிடும். வெளிச்சமாகச் சில திட்டுகள், இருட்டாகச் சில திட்டுகள், அவ்வளவுதான் மிஞ்சும். அந்தத் திட்டுகளை மட்டும் பலகையில் வைக்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறத்தைச் சூடு என்பார்கள், நீலம் கலந்ததைக் குளிர்ச்சி என்பார்கள். எந்தத் திட்டு நம் கண்ணை உறுத்துகிறதோ, அதன் நிறத்தை உள்ளபடி வைக்காமல் ஏற்றி வைக்க வேண்டும். கொஞ்சம் சூடு தெரிந்தால் நெருப்பாகவே வைத்துவிட வேண்டும். அப்போதுதான் படம் எழுந்து உட்காரும்.

இதைப் பழக எனக்குப் பல மாதம் ஆனது. பழகிய பிறகு பஸ்ஸில் போகும்போதுகூடக் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் போவேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் முறைப்பார்கள்.

எண்ணூருக்கு வரையப் போனதும் ஒரு கோபத்தில்தான். வகுப்பில் எல்லோரும் போனைப் பார்த்துப் பனிமலையும் படகு வீடும் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் எண்ணூரை வரையப் போகிறேன் என்றேன். பக்கத்தில் இருந்த ஒருவர், “அந்தக் கலீஜுல வரையறதுக்கு இன்னா கீது?” என்று சிரித்தார். அவர் பிறந்து வளர்ந்ததே இதே வடசென்னையில், தண்டையார்பேட்டையில். நம் ஊரை நாமே கலீஜ் என்று சொல்லிச் சிரித்தால் மற்றவன் ஏன் குப்பையைக் கொண்டுவந்து கொட்டமாட்டான்? அந்த ஞாயிற்றுக்கிழமையே பலகை, மூன்று கால் ஸ்டாண்டு, எண்ணெய் வண்ண டியூப்கள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

பாலத்துக்கு அருகே இறங்கிக் கரையோடு கொஞ்ச தூரம் நடந்தேன். வெளிச்சம் வந்திருந்தது, சூரியன் வரவில்லை. பனி தரையை விட்டு எழும்பி மேலே கவிந்திருந்தது. நான் பார்க்க வந்தது தண்ணீரை. ஆனால் கண்ணுக்கு எட்டியவரை சாம்பல்தான் இருந்தது. ஏதோ ஒரு குழாய் உடைந்து, நிலக்கரிச் சாம்பல் கரைந்த தண்ணீர் கழிமுகத்துக்குள் பாய்ந்து, படிந்து, மேலே பொருக்குத் தட்டிக் கிடந்தது. யாருடைய குழாய் என்று நான் எழுதப் போவதில்லை. அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள், கெட்ட வார்த்தையோடு சேர்த்துச் சொல்வார்கள்.

கடல் உள்வாங்கி நீர் வற்றியிருந்த நேரம். தூரத்தில் கால்கள் மேல் ஓடும் அந்தக் குழாய், அதற்குப் பின்னால் மூன்று சிம்னிகள். அவற்றின் தலை பனிக்குள் போய்விட்டதால் மேலேயிருந்து யாரோ மூன்று தூண்களைத் தொங்கவிட்டது போல இருந்தது. ஒரு நாரை இல்லை, ஒரு காக்கை இல்லை. எங்கிருந்தோ நீராவி விடும் சத்தம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் காதில் விழுவதே நின்று, தலைக்குள் இருந்து வருவது போல ஆகிவிட்டது.

ஸ்டாண்டை ஊன்றினேன். கை நீட்டிப் பிரஷ்ஷைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, சிம்னி எவ்வளவு உயரம், குழாய் எவ்வளவு தூரம் என்று கட்டைவிரலால் அளவெடுத்தேன். பிறகு கண்ணை இடுக்கினேன். பெயர்கள் கழன்றன. மேலே ஒரு வெளுப்பு, நடுவில் ஒரு சாம்பல் நிறப் பட்டை, கீழே இன்னொரு சாம்பல்.

அந்த நடுப் பட்டையில்தான் ஏதோ உறுத்தியது.

மற்ற இடமெல்லாம் குளிர்ந்த சாம்பல். அந்த ஒரே இடத்தில் மட்டும் சாம்பலுக்குள் துளிச் சூடு. மூன்று முறை கலந்து பார்த்தேன், அந்த நிறம் வரவில்லை. கண்ணை முழுதாகத் திறந்து பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. எல்லாமே ஒரே சேறு. இடுக்கினால் மறுபடி வந்தது.

அப்போது எனக்கு இன்னொன்றும் தோன்றியது. யாரோ என்னைப் பார்க்கிறார்கள். இந்த உணர்வு பொம்பளைகளுக்கு நன்றாகத் தெரியும், விளக்க வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்தேன். பின்னால் கரை காலியாக இருந்தது. பாலம் வரைக்கும் ஓர் ஆள் இல்லை. என் பின்னால் யாரும் இல்லை என்று உறுதியான பிறகும் அந்தப் பார்வை நிற்கவில்லை. அது முன்னாலிருந்து வருவது போல இருந்தது. சாம்பல் பார்க்குமா? என்னையே திட்டிக்கொண்டேன்.

பயத்தில் கை வேகமாக ஓடியது. அன்றைக்கு மாதிரி நான் அதற்கு முன்னால் வரைந்ததில்லை. பிரஷ்ஷால் அறைந்தேன், வண்ணம் வழிக்கும் மழுங்கல் கத்தியால் இழுத்தேன், சிம்னியை ஒரே வீச்சில் இறக்கினேன். கடைசியில் உறுத்திக்கொண்டிருந்த அந்த இடத்தில், போடா என்று, ஆரஞ்சு டியூபை நேராகப் பிதுக்கி ஒரு தீற்று தீற்றினேன். விரல் நீளத்துக்கு, நெட்டுக்குத்தாக. அவ்வளவுதான். செத்துக் கிடந்த அத்தனை சாம்பலும் அந்த ஒரு தீற்றலால் மூச்சுவிட ஆரம்பித்தது. சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். ஆளில்லாத கரையில் தனியாக நின்று, எதிரே இருந்த சேற்றைப் பார்த்துச் சிரித்தேன்.

பிறகு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

பாலத்தடியில் ஒரு டீக்கடை. ஈரம் காயாத படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு டீ சொன்னேன். பெஞ்சில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது நைட்டி மேல் துண்டு போட்ட ஒரு பெண் வேகமாக வந்தாள். முப்பது வயது இருக்கும்.

“என் வூட்டுக்காரரப் பாத்தீங்களாண்ணா? இருட்டோட எறா புடிக்கப் போனவரு. எறா வாங்குறவரு வந்து காத்துகினு இருந்துட்டுப் போய்ட்டாரு. இன்னும் ஆளக் காணோம்.”

அங்கே வலையில்லாமல் வெறும் கையால் இறால் பிடிப்பவர்கள் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்தபடி அடிச்சேற்றைத் துழாவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓர் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

பெஞ்சில் இருந்த ஒரு ஆள், பனியன் போட்டவன், டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். “எங்கியாவது மட்டையாயி குப்புறப் படுத்துகினு கீறான், போ. வெயிலு ஏறுனா தானா எந்திரிச்சு வருவான்.”

“அவரு குடிய உட்டு வருசமாச்சு. உன்ன உன் பொண்டாட்டி சாக்கடை சாக்கடையா தேடுமே, அந்தத் தேடல் இல்ல இது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது, அதற்குள் அவர் வந்திருக்க வேண்டும் என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தவள், என் படத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். குனிந்தாள்.

“இது எந்த எடம்கா? நம்ம குழாயாண்டயா?”

“ஆமா.”

“நடுவுல இன்னா இது, ஆரஞ்சா?”

“ஒண்ணும் இல்லம்மா. கலருக்கு வெச்சது.”

“அங்க ஒண்ணும் இல்லாமலா வெச்ச?”

“படம்னா அப்டித்தான். உனுக்குப் புரியாது” என்றேன். எரிச்சல்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது.

சொல்லி முடித்த வாயை மூடவில்லை, திரும்பி அந்த ஆரஞ்சைப் பார்த்தேன். ஒன்றும் இல்லாமலா வைத்தேன்? இல்லை. அங்கே ஏதோ இருந்தது. மூன்று முறை கலந்து பார்த்தேனே. சாம்பலுக்குள் அவ்வளவு துளிச் சூடு. இத்தனை குளிர்ச்சிக்கு நடுவே சூடாகத் தெரிய வேண்டும் என்றால் அது கல்லாக இருக்க முடியாது, சேறாக இருக்க முடியாது. அது தோல். சாம்பல் பூசிய தோல்.

“எல்லாரும் வாங்க” என்று கத்தினேன். “அந்த பெஞ்சத் தூக்கு. கயிறு கீதா? கயிறு எடு.”

ஏன் என்று கேட்டார்கள். படத்தையும் பிரஷ் பையையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தப் பெண் முதலில் என் பின்னால் ஓடி வந்தாள், பிறகு என்னைத் தாண்டி ஓடினாள்.

கரைக்குப் போனால் எல்லாமே மாறியிருந்தது. பனி விலகி வெயில் வந்துவிட்டது. காலையில் கறுத்துக் கிடந்த சாம்பல் இப்போது வெள்ளையாகக் கூசியது. கடல் பக்கத்திலிருந்து தண்ணீர் விரல் விரலாக உள்ளே வந்துகொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். அந்தப் பெண் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். நீராவிச் சத்தம் அதைத் தின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஆள் இல்லை. மேடு இல்லை. ஒன்றுமே இல்லை.

பனியன்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “எக்கா, இன்னாத்த பாத்து இட்டாந்த?”

காலையில் ஸ்டாண்டு ஊன்றிய மூன்று குழிகள் கரையில் அப்படியே இருந்தன. அங்கே போய் நின்றேன். படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஆரஞ்சு எங்கே இருக்கிறது? மூன்றாவது சிம்னியின் இடது ஓரத்துக்கு நேர் கீழே, குழாயைத் தாங்கும் இரண்டாவது காலுக்கு இந்தப் பக்கம். பிரஷ்ஷை நீட்டி, ஒரு கண்ணை மூடி, அதே அளவை எடுத்தேன். பிறகு கண்ணை இடுக்கினேன்.

“கண்ண மூடிகினு இன்னாக்கா பண்ற?” அந்தப் பெண் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “தொறந்து பாருக்கா! கண்ணத் தொற!”

“தொறந்தா தெரியாதுடி! கொஞ்சம் வாய மூடு!”

அவள் அழுதுகொண்டே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இடுக்கிக்கொண்டே நின்றேன். வெள்ளைத் திட்டு. பளபளக்கும் திட்டு, அது தண்ணீர். மறுபடி வெள்ளை. அந்த வெள்ளையில், அளவு எடுத்த இடத்தில், வெயிலை வாங்காமல் மங்கலாக ஒரு புள்ளி. படத்தில் விரல் நீளத்துக்கு இருந்தது இப்போது நகக்கண் அளவுக்கு இருந்தது. நான் தப்பாகப் பார்க்கவில்லை. கீழே அவ்வளவு இறங்கியிருந்தது, அல்லது தண்ணீர் அவ்வளவு ஏறியிருந்தது.

“அங்க. நேராப் போங்க.”

“அங்க ஒண்ணும் இல்லியேக்கா.”

“கீது. போடா!”

பனியன்காரனும் டீக்கடைக்காரரும் இன்னொருவரும் இறங்கினார்கள். பெஞ்சைக் கவிழ்த்து முன்னால் தள்ளி, அதன்மேல் குப்புறப் படுத்துத் தவழ்ந்தார்கள். ஒருவர் பாலத்தடியில் கட்டியிருந்த சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு ஏறும் தண்ணீரோடு வந்தார். கீழே இறங்கியவர்களுக்குத் திசை தெரியவில்லை. சாம்பலோடு சாம்பலாகப் போனதும் அவர்களுக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான். நான்தான் மேலேயிருந்து இடது, வலது என்று கையை ஆட்டிக் காட்ட வேண்டியிருந்தது. கண்ணைத் திறந்தால் அந்தப் புள்ளி போய்விடும். திறக்கவே கூடாது. தண்ணீர் வழிகிறது, இமை துடிக்கிறது, திறக்கவில்லை. என் அருகே அந்தப் பெண் நிற்கிறாள். அவள் கண்ணை அகலமாகத் திறந்து பார்க்கிறாள், அவளுக்குத் தன் புருஷன் தெரியவில்லை. அரைக்குருடு மாதிரி நிற்கும் எனக்கு அவர் தெரிகிறார்.

திடீரென்று பனியன்காரன் அலறினான். பயந்துபோய் அலறினான். பெஞ்சுக்கு முன்னால் சாம்பலில் இரண்டு கண்கள் திறந்தன என்று பிறகு சொன்னான்.

அவர் முகவாய்க்குக் கீழ்வரை தண்ணீர் வந்துவிட்டிருந்தது. தலையிலும் முகத்திலும் சாம்பல் படிந்து காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் கையால் தோண்டித் தோண்டி, கால் ஓரமாகத் தண்ணீர் இறங்க விட்டு, அக்குளில் கயிறு கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார்கள். அவசரப்பட்டு இழுத்தால் இடுப்பு விட்டுவிடும் என்று டீக்கடைக்காரர் கத்திக்கொண்டே இருந்தார். சேறு அவரைக் கடைசிவரை விடவில்லை. விட்டபோது ஒரு சத்தம் வந்தது. அதை நான் எழுதப் போவதில்லை.

படகில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண் மடியில் போட்டுக்கொண்டு முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பனியன்காரன் ஒரு பக்கமாகத் திரும்பி நின்று அழுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆரஞ்சைத் தேடினேன். இடுப்பில் கட்டிய துணி, கயிறு, கூடை, ஏதாவது. அவர் இடுப்பில் ஒரு காக்கி டவுசர் மட்டும்தான். உடம்பெல்லாம் சாம்பல். ஆரஞ்சு எங்கேயும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குப் படத்தைக் கொண்டுபோனேன். நடந்த எதையும் சொல்லவில்லை. மாஸ்டர் ரொம்ப நேரம் பார்த்தார். “இதாம்மா. இதுலதான் உயிர் கீது” என்றார். எண்ணூரில் வரைய என்ன இருக்கிறது என்று கேட்டவர்கூட எழுந்து வந்து பார்த்தார். எங்கள் ஹாலில் நடக்கவிருந்த கண்காட்சியில் நடுவில் மாட்டலாம் என்றார்கள். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

அதற்கு மறுநாள் படத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால்களில் வீக்கம் வடியவில்லை. குரல் இன்னும் சரியாக வரவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“அன்னிக்கு இன்னா ஆச்சு தெரிமாக்கா? நான் வருசக்கணக்கா கால் வெக்கிற எடம் அது. மணலா இருக்கும். மேல பொருக்கு இருந்துச்சு, மணலுன்னு நெனச்சு வெச்சேன். இஸ்துகினு போச்சு. கத்திக் கத்தித் தொண்ட பூட்டுச்சு. அப்பப் பாத்து கரைல ஒரு பொம்பள வந்து நிக்குது. அப்பாடா, பொழச்சேன்டா சாமின்னு நெனச்சேன். நீ இன்னாடான்னா ஒத்தக் கண்ண மூடிகினு, குச்சிய நீட்டி, கட்ட வெரலால என்ன அளவு எடுக்குற. அளவு எடுத்துட்டு இந்தாண்ட திரும்பி எதையோ தடவுற. மறுபடி அளவு எடுக்குற. சர்தான், எமன் சுடிதார் போட்டுகினு வந்து நமக்குச் சவப்பொட்டிக்கு அளவு எடுக்குறான்னு முடிவு பண்ட்டேன்.”

அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

“கடைசில என்னப் பாத்து சிரிச்சியேக்கா. அது ஏன்?”

நேராக அவர் முகத்தைப் பார்த்து, நின்று, சிரித்து, மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அவர் என்னை வெறுக்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. விஷயம் தெரிந்துகொள்ள மட்டுமே கேட்டார்.

படத்தைப் பிரித்துக் காட்டினேன். மனைவியின் முகம் மாறியது.

“இத்த எடுத்துடுக்கா” என்றாள். “அந்த ஆரஞ்ச எடுத்துடு. ராத்திரில தூங்கவே மாட்டேங்கறாரு. கால் இன்னும் உள்ளதான் கீதுன்றாரு. ஆளு வூட்டுக்கு வந்தாச்சு. அங்க இன்னாத்துக்கு இன்னும் நிக்கணும்?”

அது ஒன்றுதான் நான் வரைந்ததில் உயிரோடு இருக்கும் படம். அந்தத் தீற்றலை எடுத்தால் வெறும் சாம்பல். படம் எனக்கு எப்படி என்று இவளுக்கு என்ன தெரியும் என்று ஒரு நொடி கோபம்கூட வந்தது. அவர் காலைப் பார்த்தேன். பையிலிருந்து கத்தியை எடுத்தேன்.

எண்ணெய் வண்ணம் அவ்வளவு சீக்கிரம் காயாது. கத்தியை வைத்து வழித்ததும் ஆரஞ்சு மொத்தமாக வந்துவிட்டது. ஆனால் அடியில் இருந்த சாம்பலோடு கொஞ்சம் கலந்து இழுபட்டு, அந்த இடத்தில் ஒரு நிறம் நின்றது. அன்று காலை மூன்று முறை கலந்தும் எனக்குக் கிடைக்காத அதே நிறம். சாம்பல், அதற்குள் துளிச் சூடு. நெட்டுக்குத்தாக, மேலே கொஞ்சம் உருண்டையாக. மேலும் நான் ஒன்றும் செய்யவில்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் யாரோ மீன்பாடி வண்டியில் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“இப்பதான் கரீட்டா கீது” என்றார் அவர், மெதுவாக.

அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அவர் கையை நீட்டி என் பையிலிருந்த துணியைக் கேட்டார். டர்பன்டைன் ஊற்றிக் கொடுத்தேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுவது போல, அந்த இடத்தை அவரே துடைத்தார். நிறம் போய், அடியிலிருந்த வெள்ளைப் பூச்சும் போய், பலகையின் மரம் தெரியும்வரை துடைத்தார். பிறகு துணியைச் சுருட்டித் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். நான் திருப்பிக் கேட்கவில்லை.

கண்காட்சிக்கு ராயபுரம் ஸ்டேஷனைக் கொடுத்தேன். மாஸ்டர் என்னிடம் கொஞ்ச நாள் பேசவில்லை. நடுவில் மரம் தெரியும் அந்தப் படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வருகிறவர்கள், அங்கே ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பார்கள். இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும் என்பேன்.

அவர் இப்போது இறாலுக்குப் போவதில்லை, துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போகிறார். குழாய் சரிசெய்யப்பட்டதாகச் சொன்னார்கள். பிறகு மறுபடி உடைந்தது. நான் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரையப் போகிறேன், இன்றும் கண்ணை இடுக்கித்தான் பார்க்கிறேன், அது இல்லாமல் எனக்கு வரையத் தெரியாது. ஆனால் கிளம்பும் முன், கண்ணை முழுதாகத் திறந்து, வரைந்த இடத்தைப் பார்த்து, “யாராவது கீறீங்களா?” என்று பலமாகக் கத்திவிட்டுத்தான் ஸ்டாண்டை மடிக்கிறேன். பைத்தியம் என்று பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இதுவரை ஒரு தடவைகூடப் பதில் வந்ததில்லை, ஆனால் பதில் வராததை வைத்து அங்கே யாரும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டு நிம்மதியாகத் திரும்பி நடக்க என்னால் இனி முடியாது.